டயல் சொல்வதும் ஆஸிலேட்டர் சொல்வதும்
ஒரு பழைய ரேடியோப் பழுதின் சரித்திரம்

– இயற்பியல் துறை முன்னாள் மாணவன்



மலருக்குக் கட்டுரை என்றாலே ஹாஸ்டல் சாம்பாரும் கான்டீன் டீயும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அவற்றை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இயற்பியல் படித்தவன். ஆகவே வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய ரேடியோவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

பழைய வால்வு ரேடியோவைப் பற்றி மூன்று புகார்கள் வழக்கமாக வரும். ஒன்று: "ஸ்டேஷன் இடம் மாறிப் போச்சு. திருச்சி வர்ற இடத்துல வேற ஏதோ வருது." இரண்டு: "டயல்ல ஒரு பாதிதான் பேசுது, மறுபாதி ஊமை." மூன்று: "சிற்றலையில ஒரே ஸ்டேஷன் ரெண்டு இடத்துல வருது." மூன்றும் வேறு வேறு வியாதி போலத் தோன்றும். ஆனால் மூன்றிலும் முதலில் விசாரிக்க வேண்டிய ஆள் ஒருவரே. அவர்தான் லோக்கல் ஆஸிலேட்டர். நம் பாடப்புத்தகத் தமிழில் அலையியற்றி. இந்தச் சின்னச் சுற்று ஒழுங்காக ஓட, உலகம் எத்தனை பாடுபட்டது என்பதே ரேடியோவின் பாதிச் சரித்திரம்.

தம்பூராவும் ரேடியோவும்

தம்பூராவில் இரண்டு கம்பிகளை ஒரே சுருதிக்குக் கொண்டுவரும்போது கவனித்திருப்பீர்கள். கிட்டத்தட்டச் சேர்ந்து, முழுதும் சேராத நிலையில், "வொய்ங்... வொய்ங்" என்று ஒலி ஏறி இறங்கும். பௌதிக வகுப்பில் இதற்கு விம்மல் என்று பெயர். இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம்தான் ஒரு நொடிக்கு எத்தனை விம்மல் என்பது.

ரேடியோவிலும் இதே தத்துவம்தான். சென்னை நிலையம் 720 கிலோ ஹெர்ட்ஸில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரேடியோவுக்குள் இருக்கும் ஆஸிலேட்டர் 1175 கிலோ ஹெர்ட்ஸில் ஓடுகிறது. இரண்டையும் கலக்கினால் வித்தியாசமாக 455 கிடைக்கும். திருச்சியின் 936 வேண்டுமா? ஆஸிலேட்டர் 1391க்குப் போகும். வித்தியாசம் மறுபடியும் 455தான். எந்த நிலையம் வந்தாலும் கடைசியில் அது 455 ஆகிவிடுவதால், அதற்குப் பிறகு வரும் சுற்றுகளை அந்த ஒரே எண்ணுக்குச் சீராக அமைத்துவிடலாம். இதுதான் சூப்பர் ஹெட்டரோடைன். அந்த 455க்கு இடைநிலை அதிர்வெண் என்று பெயர். மெக்கானிக் பாஷையில் ஐ.எஃப்.

இதிலிருந்து ஒரு உண்மை புரியும். நீங்கள் குமிழைத் திருப்பும்போது எந்த நிலையம் வரவேண்டும் என்று தீர்மானிப்பது டயலில் அச்சடித்த எண் அல்ல, ஆஸிலேட்டர். டயல் என்பது ஆஸிலேட்டர் எங்கே இருக்கும் என்று கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த ஊகம், அவ்வளவுதான்.

பாரிஸில் பிறந்த யோசனை

ஹெட்டரோடைன் என்ற யோசனை 1901 வாக்கில் ரெஜினால்ட் ஃபெஸ்ஸன்டனுடையது. ஆனால் அன்று நிலையாக ஓடும் ஆஸிலேட்டர் கிடையாது. வால்வு வந்த பிறகுதான் காரியம் கைகூடியது.

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவில் அதிகாரியாகப் பாரிஸில் இருந்தார் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். 1918இல் நகரத்தின் மேல் குண்டு வீச வந்த விமானங்களை, அவற்றின் எஞ்சின் தீப்பொறி எழுப்பும் ரேடியோ அலைகளைக் கொண்டே கண்டுபிடிக்க முடியுமா என்று யோசித்தார். அந்த அலைகள் மிக உயர்ந்த அதிர்வெண் கொண்டவை. அன்றைய வால்வுகளால் அவற்றைப் பெருக்க முடியாது. சரி, பெருக்க முடிந்த இடத்துக்கு அவற்றை இறக்கிவிடலாமே என்று தோன்றியது. யோசனை முழு உருவம் பெறுவதற்குள் போர் முடிந்துவிட்டது. விமானத்தைப் பிடிக்கப் பிறந்த கருவி பிற்பாடு பாட்டுக் கேட்க வந்தது. 1918 டிசம்பர் 30இல் பிரான்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமெரிக்கக் காப்புரிமை 1920இல் கிடைத்தது.

ஆனால் பிரான்சில் லூசியன் லெவி 1917இலேயே இதே திசையில் விண்ணப்பித்திருந்தார். ஜெர்மனியில் வால்ட்டர் ஷாட்கி 1918 ஜூனில் விண்ணப்பித்திருந்தார். போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற நாடுகளில், ஒருவரை ஒருவர் அறியாமல், மூன்று மூளைகளில் ஒரே யோசனை! அமெரிக்காவில் நடந்த காப்புரிமைத் தகராறு 1928இல் முடிந்தபோது, ஒன்பது கோரிக்கைகளில் ஏழு லெவிக்குப் போயின. மீதி இரண்டு வேறு இருவருக்கு. ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சூப்பர் ஹெட்டரோடைன் என்றால் இன்றும் உலகம் சொல்வது அவர் பெயரைத்தான். காகிதத்தில் இருந்ததை வேலை செய்யும் கருவியாக்கிக் காட்டியவர் அவர் என்பதே காரணம்.

முதல் பழுது

வேலை செய்ய வைத்தது அத்தனை சுலபமில்லை. ஆரம்ப காலக் கருவிகளில் ஐ.எஃப். சுமார் 40 கிலோ ஹெர்ட்ஸ்தான். அப்படியானால் 720ஐக் கேட்க ஆஸிலேட்டர் 760இல் ஓடவேண்டும். செலவைக் குறைக்க ஒரே வால்வு கலப்பானாகவும் ஆஸிலேட்டராகவும் வேலை செய்ய வேண்டும் என்றால், 720க்கும் 760க்கும் இசைத்த இரண்டு சுற்றுகள் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும். இதற்கு இழுப்பு என்று பெயர் வைக்கலாம். ஒரு குமிழைச் சரிசெய்தால் மற்றக் குமிழ் கெட்டுப் போகும். வீட்டில் ஒருவர் அதை எப்படி இயக்குவது?

விடை சொன்னவர் ஹாரி ஹூக். பாரிஸ் ஆய்வுக்கூடத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் உதவியாளராக இருந்த சார்ஜென்ட். ஆஸிலேட்டரை 760இல் ஓட்டாதீர்கள், பாதியில், அதாவது 380இல் ஓட்டுங்கள் என்றார். எந்த ஆஸிலேட்டரும் தன் அதிர்வெண்ணின் இரட்டிப்பையும் சற்று எழுப்பும். அந்த இரண்டாம் சீரிசை 760ஆக வந்து கலக்கும். முக்கியச் சுற்றோ 720க்கு வெகுதூரத்தில் இருப்பதால் இழுப்பு இல்லை. இந்த முறையை வைத்துத்தான் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1924இல் ரேடியோலா சூப்பர் ஹெட்டரோடைனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உள்சுற்றுகளை மெழுகு ஊற்றி மூடி, அதற்கு 'நிலவறைக் கல்லறை' என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். பிற்காலத்தில் பழுது பார்க்க வந்தவர்கள் அந்த மெழுகை உருக்கித்தான் உள்ளே போகவேண்டியிருந்தது!

இடையில் ஒரு இனிப்பான செய்தி. 1923 டிசம்பரில் ஆர்ம்ஸ்ட்ராங் திருமணம் செய்துகொண்டார். மணமகள் மேரியனுக்கு அவர் தந்த பரிசு, கையில் தூக்கிச் செல்லும் சூப்பர் ஹெட்டரோடைன் ரேடியோ.

பேடரும் ட்ரிம்மரும்

ஐ.எஃப். குறைவாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆஸிலேட்டர் 760 என்றால் 720 மட்டுமல்ல, 800ம் அதே 40 வித்தியாசத்தில் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து கேட்கும். இதற்குப் பிம்பம் என்று பெயர். ஐ.எஃப்.ஐ உயர்த்தினால் பிம்பம் விலகிப் போகும். அதனால் 175, 262 என்று ஏறி, 1930களில் அமெரிக்காவில் 455இல் நிலைத்தது. பிரிட்டிஷ் செட்டுகளில் 465, 470. பிலிப்ஸ் பலவற்றில் 452. ஆகவே சேசிஸில் ஒட்டிய தாளையோ சர்க்யூட் படத்தையோ பார்க்காமல் எல்லா ரேடியோவையும் 455க்குத் திருகுவது ஆகாத காரியம்.

பிம்பம் போயிற்று, கணக்கு ஒன்று வந்தது. மத்திய அலை 540 முதல் 1600 வரை என்று கொள்வோம். ஏரியல் பக்கம் அதிர்வெண் ஏறக்குறைய மூன்று மடங்கு மாறவேண்டும். அதற்குக் கண்டென்சரின் மதிப்பு ஒன்பது மடங்கு மாறவேண்டும். ஆனால் ஆஸிலேட்டர் 995 முதல் 2055 வரைதான் போகிறது; இரண்டு மடங்குக்குச் சற்று மேல். கண்டென்சர் நாலேகால் மடங்கு மாறினால் போதும். ஒரே அச்சில் ஒரே மாதிரித் தகடுகள் கொண்ட கேங் கண்டென்சர் இரண்டு வேலையையும் எப்படிச் செய்யும்?

வழி இது. ஆஸிலேட்டர் காயிலில் சுற்றைக் குறைத்தார்கள். கண்டென்சரோடு தொடராக ஒரு பேடர் போட்டார்கள். இது டயலின் கீழ்முனையைப் பிடித்து நிறுத்தும். இணையாக ஒரு சின்ன ட்ரிம்மர். இது மேல்முனையைப் பிடிக்கும். இவற்றைக் கொண்டு மூன்று இடங்களில் கணக்கு மிகச்சரியாகும், இடைப்பட்ட இடங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சில செட்டுகளில் ஆஸிலேட்டர் பக்கத் தகடுகளையே வேறு வடிவத்தில் வெட்டிப் பேடர் இல்லாமலே சமாளித்தார்கள். 1933இல் ஐந்து கிரிட் கொண்ட 2ஏ7, 6ஏ7 வால்வுகள் வந்து, கலப்பானும் ஆஸிலேட்டரும் ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் குடியேறின. சிற்றலையில் பழைய இழுப்பு மறுபடி தலைகாட்டியது. பிறகு வந்த ட்ரையோடு ஹெக்ஸோடு வால்வுகளில் ஆஸிலேட்டருக்குத் தனி அறை கொடுத்ததும் அது அடங்கியது. அந்த வம்சத்தில் வந்ததுதான் நம்ம ஊர் மெக்கானிக்குகள் நன்கறிந்த இ.சி.எச். 81.

பழுது உண்மை, காரணம் பொய்

ஆஸிலேட்டர் என்பது ஒரு குட்டி ஒலிபரப்பி. அதன் அலை கொஞ்சம் ஏரியல் வழியாக வெளியேயும் கசியும். இந்தக் கசிவு சரித்திரத்தில் ஒரு பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. பழுது பார்க்கும் எவரும் மறக்கக்கூடாத கதை.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களின் ராடார் அலையை முன்கூட்டியே அறிய, 1942 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் மெட்டாக்ஸ் என்ற ஏற்பியை வைத்திருந்தார்கள். 1943 வசந்தத்தில் அது திடீரென்று பயனற்றுப் போனது. மே மாதத்தில் மட்டும் 40க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் அழிந்தன. என்ன காரணம்? பிடிபட்ட ஒரு பிரிட்டிஷ் விமானி, "உங்க மெட்டாக்ஸ்ல இருந்து கசியற அலையைப் பிடிச்சுத்தான் வர்றோம்" என்ற பொருளில் சொல்லி வைத்தார். ஜெர்மானியர்கள் சோதித்தார்கள். உண்மையிலேயே கசிவு இருந்தது! உடனே மெட்டாக்ஸை அணைக்க உத்தரவு போனது.

உண்மையான காரணம் வேறு. நேச நாடுகள் 10 சென்டிமீட்டர் ராடாருக்கு மாறியிருந்தன. மெட்டாக்ஸ் அந்த அலையைக் கேட்கவே முடியாது. போதாததற்கு ஜெர்மன் சங்கேதச் செய்திகளையும் படித்துக்கொண்டிருந்தன. கண்டுபிடித்த பழுது உண்மை. ஆனால் நடந்ததற்குக் காரணம் அது அல்ல. ஒரு பழுதைக் கண்டதும் "ஆச்சு, பிடிச்சிட்டேன்" என்று சந்தோஷப்பட்டு நின்றுவிடுவதன் ஆபத்து இதைவிடத் தெளிவாக எங்கும் எழுதப்படவில்லை.

போருக்குப் பிறகும் கசிவு விட்டபாடில்லை. 1950களின் இறுதியில் பிரிட்டிஷ் உளவுத்துறை, சோவியத் உளவாளிகள் கேட்கும் ரேடியோவை அதன் ஆஸிலேட்டர் கசிவைக் கொண்டே கண்டுபிடிக்க முயன்றது. விமானத்தில் எஃப்.எம். ரேடியோ போடக்கூடாது என்ற விதியும் இதனால் வந்ததுதான். 101.4 மெகா ஹெர்ட்ஸ் நிலையத்தைக் கேட்கும்போது ஆஸிலேட்டர் 10.7 சேர்த்து 112.1இல் ஓடும். அது விமானிகளின் வழிகாட்டும் கருவிகள் இயங்கும் 108 முதல் 118 வரையான பகுதி.

நம்ம ஊர் டயல்

சென்னையில் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் 1938 ஜூன் 16இலும் திருச்சியில் 1939 மே 16இலும் தொடங்கின. வால்வுகள் வெளிநாட்டிலிருந்து வந்த காலம் போய், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது. சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடிப்பதற்காகவே ரேடியோ வாங்கிய வீடுகள் எத்தனை! இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977இல் நம் சென்னையில் தொடங்கியது. எஃப்.எம்.மும் அதே ஆர்ம்ஸ்ட்ராங்கின் கண்டுபிடிப்புதான். அதற்காக நடத்திய வழக்குகளில் நொந்துபோன அவர் 1954 ஜனவரி 31 இரவில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பரிசாக ரேடியோ பெற்ற மேரியன், வழக்குகளை விடாமல் நடத்தி, கடைசி வழக்கை 1967இல் வென்றார்.

1978 நவம்பர் 23இல் சர்வதேச ஒப்பந்தப்படி மத்திய அலை நிலையங்கள் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளிக்கு மாறின. அன்று நிலையங்கள் சில கிலோ ஹெர்ட்ஸ் நகர்ந்ததால் பழைய டயல் கண்ணாடிகள் லேசாகப் பொய்யாகின. மாணவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கைக் கணக்கு இருக்கிறது. அன்று முதல் நம் பக்கத்து மத்திய அலை எண்கள் எல்லாம் ஒன்பதின் மடங்குகள். சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, மதுரை 1269 என்று நாம் பழகிய எண்களின் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். ஒன்பதோ அதன் மடங்கோதான் வரும்.

திருகுவதற்கு முன் கேள்வி

இனிப் பழுது. முதலில் எச்சரிக்கை: வால்வு ரேடியோவில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் உண்டு. ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டில் சேசிஸே நேராக மின்சாரத்தில் இருக்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் திறக்கக்கூடாது.

ஸ்டேஷன் இடம் மாறியிருந்தால், எல்லாம் ஒரே அளவு தூரம், அதாவது ஒரே அங்குலக் கணக்கில் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் டயல் கயிறு வழுக்கியிருக்கும். கேங்கை முழுக்க மூடி, முள் டயலின் கீழ்முனைக் குறியில் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தூரம் வேறுபட்டு, எல்லா இடத்திலும் ஒரே கிலோ ஹெர்ட்ஸ் கணக்கில் விலகல் இருந்தால் ஐ.எஃப்.ஐ யாரோ திருகியிருக்கிறார்கள். மேல்முனையில் மட்டும் விலகல் அதிகம் என்றால் ட்ரிம்மர். கீழ்முனையில் என்றால் பேடர் அல்லது காயில்.

ஆஸிலேட்டர் உண்மையில் எங்கே ஓடுகிறது என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். கசிவே உதவிக்கு வரும். எண் காட்டும் இன்னொரு சின்ன ரேடியோவைப் பக்கத்தில் வையுங்கள். பழைய ரேடியோவின் முள்ளை 720இல் நிறுத்தி, சின்ன ரேடியோவை 1175ஐச் சுற்றித் தேடுங்கள். விசில் சத்தமோ திடீர் அமைதியோ வந்தால் அதுதான் ஆஸிலேட்டர். 1200இல் கேட்டால் 25 கிலோ ஹெர்ட்ஸ் உயரத்தில் ஓடுகிறது. எங்குமே கேட்காவிட்டால் அநேகமாக அது நின்றுபோயிருக்கிறது. ஆஸிலேட்டர் கிரிட்டில் மீட்டர் வைத்துப் பார்த்து உறுதி செய்யலாம். சில வோல்ட் நெகட்டிவ் இருந்தால் உயிர் இருக்கிறது, பூஜ்யம் என்றால் இல்லை.

டயலின் கீழ்ப்பாதி மட்டும் ஊமை என்றால், ஆஸிலேட்டர் அங்கே போகும்போது நின்றுவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். வால்வு பலவீனம், வோல்டேஜ் குறைவு, நம் கடற்கரை ஈரத்தில் ஊறிய காயில் ஆகிய மூன்றையும் பாருங்கள். போட்டவுடன் சரியாக இருந்து, அரைமணி கழித்து நகர்ந்தால் சூடுபட்ட கண்டென்சர். கண்டென்சர் 2 சதவீதம் மாறினால் அதிர்வெண் 1 சதவீதம் மாறும். சென்னை நிலையத்தில் அது 12 கிலோ ஹெர்ட்ஸ். பக்கத்து நிலையத்தையே தாண்டிவிடும். 41 மீட்டர் சிற்றலையிலோ 76 கிலோ ஹெர்ட்ஸ்!

சிற்றலையில் ஒரு நிலையம் இரண்டு இடத்தில் வந்தால் பெரும்பாலும் அது பழுதே அல்ல, பிம்பம். 7200இல் உள்ள நிலையம் 6290இலும் கேட்கும். வித்தியாசம் 910, ஐ.எஃப்.இன் இரட்டிப்பு. இரண்டில் டயலில் மேலே இருப்பதே நிஜம். பொய்யான இடத்தை நிஜம் என்று எடுத்துக்கொண்டு ட்ரிம்மரைத் திருகினால் முழு பேண்டும் கெட்டுவிடும்.

ட்ரான்சிஸ்டர் செட்டிலும் கதை இதேதான். சிவப்புத் தலை காயில் ஆஸிலேட்டர். மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஐ.எஃப். இரும்பு ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தால் அந்த இரும்பே அதிர்வெண்ணை மாற்றிவிடும். மூங்கில் குச்சியைச் சீவிக்கொள்ளுங்கள், போதும். முதலில் ஐ.எஃப்., பிறகு கீழ்முனை, பிறகு மேல்முனை, மறுபடி கீழ்முனை. ஒன்று மற்றதைக் கொஞ்சம் நகர்த்தும் என்பதால் இரண்டு மூன்று சுற்று பொறுமையாகப் போகவேண்டும்.

ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் செய்ய ஒன்று அவசியம்: பெயர் தெரிந்த ஒரு நிலையம் காற்றில் இருக்கவேண்டும். அது குறைந்துகொண்டே வருகிறது. பிரான்ஸ், ஜெர்மனி அரசு வானொலிகள் தங்கள் மத்திய அலை ஒலிபரப்பை 2015 டிசம்பர் 31உடன் முடித்துக்கொண்டன. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30உடன் சிற்றலையில் விடைபெற்றது. டயலைச் சரிபார்க்க நிலையம் இருக்கும்போதே, வால்வைத் தொட்டுப் பழகிய கைகள் நம்மிடையே இருக்கும்போதே, இந்த வேலையைச் செய்துவிட வேண்டும்.

முன்னாள் மாணவ நண்பர்களே! பரணில் இருக்கும் ரேடியோவைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது துறைக்குக் கொண்டுவாருங்கள். யாரும் எதையும் திருகாமல், இருந்தபடியே. தம்பி தங்கைகளே! உங்கள் செல்போனுக்குள்ளும் ஒரு லோக்கல் ஆஸிலேட்டர் இருக்கிறது. குவார்ட்ஸ் படிகம் அதைப் பிடித்து வைத்திருப்பதால் நகர்வதில்லை. ஆனால் அதைத் திறந்து, இசைத்து, இதனால் இது என்று கண்ணால் காண முடியாது. அந்தப் பாக்கியம் பழைய ரேடியோவில்தான் உண்டு. ஒரு செட்டை மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு தாளில் டயல் சொன்ன எண்ணையும் ஆஸிலேட்டர் சொன்ன எண்ணையும் எதிரெதிரே எழுதுங்கள். வித்தியாசம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்த்த பிறகு மூங்கில் குச்சியை எடுங்கள்.